பேஸ் பழக எந்த ஹெட்போன் ஆம்ப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பலவும் பேஸ் கிதார் பற்றியவை. பெரும்பாலோர் கேட்டிருப்பதும் ஒன்றுதான்: வீட்டில் யாரையும் தொந்தரவு செய்யாமல் எப்படிப் பழகுவது? மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தவன், இப்போது கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்த இதழை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வில்லிவாக்கத்தில் ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். இளையராஜா பாடல்களில் வரும் பேஸைக் கேட்டுக் கேட்டே இந்தக் கருவி மீது ஆசை வந்தது. நான்கு தந்தி பேஸ் வைத்திருக்கிறேன். அலுவலகம் முடிந்து, குழந்தை தூங்கிய பிறகு, இரவு ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரைதான் பழக முடிகிறது. 15 வாட் ஆம்ப்பை எவ்வளவு குறைத்து வைத்தாலும் கீழ் வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டுகிறார். கிதார் ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பும் ஹெட்போன் ஆம்ப் வாங்கலாம் என்று பார்த்தால் ஏகப்பட்ட வகைகள். ஹெட்போனும் சேர்த்து 12,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். எதை வாங்குவது?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: கீழ் வீட்டுப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்ததான ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மூடிய கதவும் கனத்த திரைச்சீலையும் அதை ஒன்றும் செய்யாது. கான்கிரீட் தரையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். நீங்கள் வால்யூமைக் குறைக்கக் குறைக்க விரல் தந்தியில் படும் தெளிவான சத்தம் உங்களுக்குக் கேட்காமல் போகும். அடியில் இருக்கும் முனகல் மட்டும் அவர் வீட்டில் மிச்சமிருக்கும்.

அந்த அறைக்குள் உங்களுக்கும் சரியான ஒலி கிடைப்பதில்லை. 12 அடி நீளமுள்ள ஓர் அறை 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அருகே தானாகவே ஒத்ததிரும். ஈ தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் உலோகப் பட்டையில்) பிறக்கும் சுரம் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. சுவரோரம் உட்கார்ந்து வாசித்தால் அந்தச் சுரம் பொங்கி வழியும். அறையின் நடுவில் நின்றால் அதே சுரம் மெலிந்து போகும். விரல் ஒரே அழுத்தத்தில்தான் மீட்டியிருக்கும். ஏற்ற இறக்கம் முழுக்க அறையுடையது. புதிதாகப் பழகுகிறவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு இல்லாத பிழையைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்.

ஹெட்போன் மாட்டியவுடன் அறை கணக்கிலிருந்து போய்விடும். தந்தியில் நடப்பது மட்டுமே காதுக்கு வரும். ஹெட்போன் ஆம்ப்பை வேறு வழியில்லாமல் செய்துகொள்ளும் சமரசமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பேஸில் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். அந்த முடிவை ஹெட்போன் காட்டும் அளவுக்கு வேறு எதுவும் காட்டுவதில்லை. ஆகவே வாங்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது என் கை செய்வதை உள்ளபடி காட்டுகிறதா? எத்தனை ஆம்ப் மாடல்கள் (பெரிய ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்பவை), எத்தனை எஃபெக்ட்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் 12,000 ரூபாயில் பாதியையாவது ஹெட்போனுக்கு ஒதுக்குங்கள். பலர் பணம் முழுவதையும் ஆம்ப்பில் போட்டுவிட்டு, காதில் தளர்வாக உட்காரும் சாதாரண இயர்போனைச் செருகுகிறார்கள். அதில் 41 ஹெர்ட்ஸ் உருப்படியாக வராது. வருவது போலத் தோன்றும், அவ்வளவுதான். 82, 123 என்று அதன் மடங்குகளில் எழும் மேல் அதிர்வுகளைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய சுரத்தை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பாட்டுக் கேட்க அது போதும். நாம் வாசிப்பதை நாமே எடைபோடப் போதாது.

காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த வகையாக வாங்குங்கள். இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனின் மின்தடை, 30 முதல் 65 ஓமுக்குள் இருக்கட்டும். ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ் 47 ஓம், எம்40எக்ஸ் 35 ஓம், சோனியின் எம்.டி.ஆர். 7506 மாடல் 63 ஓம். இவற்றில் எதுவானாலும் சின்ன பேட்டரி ஆம்ப் சிரமமில்லாமல் ஓட்டும். உங்கள் தொகைக்கு எம்20எக்ஸ் பொருத்தமாக இருக்கும்.

நீங்கள் மூக்குக் கண்ணாடி அணிகிறவரா என்று எழுதவில்லை. அணிகிறவரானால் இதை அவசியம் செய்து பாருங்கள். ஹெட்போனை மாட்டி, ஈ தந்தியைத் திறந்த நிலையில் மீட்டுங்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு உறைகளையும் உள்ளங்கையால் காதோடு லேசாக அழுத்துங்கள். தாழ்ந்த ஒலி சட்டென்று கூடினால், கண்ணாடிக் காம்பு உறையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அந்த மெல்லிய இடைவெளி வழியாகக் காற்று கசிவதால் முதலில் பறிபோவது தாழ்ந்த சுரங்கள்தான். பெரிய காதணியும் அடர்ந்த கூந்தலும் இதே வேலையைச் செய்யும். காம்பு மெல்லிதான கண்ணாடி ஒன்றைப் பழகுவதற்கென்று வைத்துக்கொண்டால், விலை கூடிய ஹெட்போன் வாங்குவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

இனி ஆம்ப். வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப்பிளக் வரிசையில் 'பேஸ்' என்று எழுதியிருக்கும் பெட்டியை வாங்குங்கள் என்பது என் முடிவு. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அது. அதிலிருந்தே நீளும் பிளக்கை நேராகக் கிதாரில் செருகிவிடலாம். தனிக் கேபிள் வேண்டாம். டி.வி. ரிமோட்டில் போடும் ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு போதும். கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்குவது), டோன் (ஒலியின் கூர்மையை மாற்றுவது), வால்யூம் என்று திருகுகள் மூன்றுதான். போனிலிருந்து பாட்டைச் சேர்த்துக் கேட்க ஒரு துளை இருக்கிறது. கூடவே சேர்ந்து வாசிக்க எளிய தாளங்களும் உள்ளே உண்டு. அதே உருவத்தில் ஏசி30 முதலான பெயர்களில் விற்பவை சாதாரணக் கிதாருக்கானவை. அவற்றில் உங்கள் பேஸ் சன்னமாக ஒலிக்கும். கடையில் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் கிதாரின் ஜாக் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத் தகட்டில் இருந்தால் கவலையில்லை. உடலின் கீழ் விளிம்பில் இருந்தால், உட்கார்ந்து வாசிக்கும்போது பெட்டி தொடையிலோ நாற்காலிக் கையிலோ இடிக்கும். இடித்தபடி பல மாதங்கள் ஓடினால் கிதாரின் ஜாக் தளர்ந்து கரகரக்கத் தொடங்கும். ஒருபுறம் ஆண் பிளக்கும் மறுபுறம் பெண் ஜாக்கும் உள்ள குட்டை நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வாங்கி, பெட்டியை இடுப்பு வாரிலோ தோள் வாரிலோ மாட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

பாஸ் நிறுவனத்தின் கட்டானா கோ, நியூக்ஸின் மைட்டி பிளக் இரண்டும் இதைவிடத் திறமையானவை. பேஸுக்கென்றே ஆம்ப் மாடல்கள், போன் ஆப், யு.எஸ்.பி. வழியாகப் பதிவு என்று நிறையச் செய்யும். வீட்டிலேயே பதிவு செய்யும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் பணம் சேர்த்து அவற்றுக்குப் போகலாம். ஆனால் ஒன்பதரைக்கு உட்கார்ந்து பத்தேகாலுக்கு எழ வேண்டியவர் நீங்கள். ஆப்பைத் திறந்து டோன் தேடத் தொடங்கினால் அந்த முக்கால் மணி நேரமும் அதிலேயே போய்விடும். என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். திருகு குறைவாக உள்ளதை வாங்கியவர்கள் அதிகம் வாசிக்கிறார்கள்.

கடைக்கு உங்கள் பேஸையும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் எதையும் வாசிக்காமல் வால்யூமை நீங்கள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஏற்றி, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். சிறிது இருக்கும், வாசிக்கும்போது மறையும் அளவு இருந்தால் போதும். அடுத்து கெயினைக் குறைத்து, கிதாரின் வால்யூமை முழுக்கத் திறந்து, ஈ தந்தியைப் பலமாக மீட்டுங்கள். சுரம் உடைந்து பிசிறினால் அந்தக் கருவி வேண்டாம். கடைசியாக அதே தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக ஏறிச் செல்லுங்கள். எந்தச் சுரமும் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இவ்வளவும் பத்து நிமிட வேலை.

கேள்வி: என்னிடம் நல்ல புளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறது. புளூடூத் உள்ள ஹெட்போன் ஆம்ப் வாங்கினால் வயரே இல்லாமல் வாசிக்கலாம் அல்லவா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முடியாது தம்பி. இந்தச் சின்ன ஆம்ப்களில் புளூடூத் என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே வருவதற்கு மட்டும். உன் போனில் ஓடும் பாட்டை அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும். உன் இயர்பட்ஸுக்கு எதையும் அனுப்பாது. அனுப்பும் சாதனம் ஒன்று கிடைத்தாலும் நீ அதில் வாசிக்க முடியாது. சாதாரண புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதற்குள் 100 முதல் 200 மில்லி நொடி போய்விடும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லி நொடிதான். நீ ஒரு சுரத்தை மீட்டினால், அது காதுக்கு வருவதற்குள் அடுத்த சுரத்துக்கான நேரமே வந்துவிடும்.

ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 10 மில்லி நொடி தாமதம் இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 200 மில்லி நொடி என்றால் ஆம்ப் கிட்டத்தட்ட 70 மீட்டருக்கு அப்பால் இருப்பதாகக் கணக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டு தாளம் பிடிக்க யாராலும் முடியாது. முயன்றால், கை தானாகவே முந்திக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு போக்குவது பெரும்பாடு.

பாட்டு புளூடூத்தில் உள்ளே வருவதில் தவறில்லை. பாட்டு எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்து சேர்ந்த பிறகு நீ கேட்பதைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசிக்கிறாய். உன் கைக்கும் காதுக்கும் நடுவில்தான் தாமதம் கூடாது. பல போன்களில் இயர்போன் துளை இல்லாத இந்தக் காலத்தில் இந்த வசதி உண்மையிலேயே உதவுகிறது.

வயரே வேண்டாம் என்றால் பாஸ் நிறுவனத்தின் வாஸா ஏர் பேஸ் என்று ஒன்று உண்டு. கிதாரில் ஒரு டிரான்ஸ்மிட்டர், தலையில் ஆம்ப்பை உள்ளடக்கிய ஹெட்போன். கிதாரின் ஒலியை அது புளூடூத்தில் அனுப்புவதில்லை; தாமதம் தெரியாத தனி வயர்லெஸ் முறையில் அனுப்புகிறது. அருமையான பொருள்தான். ஆனால் விலை ஒரு கல்லூரி மாணவருக்கு உரியது இல்லை. இப்போதைக்கு வயர் உள்ள ஹெட்போன் வாங்கு.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறாள். பரீட்சை முடிந்த விடுமுறையில் மணிக்கணக்கில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பழகுகிறாள். காது கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பதைப் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. வால்யூம் திருகில் அது மிகச் சிறிய அசைவுதான். வளரும் பிள்ளைக்கு இந்த எல்லையைவிட இன்னும் கீழேயே இருப்பது நல்லது.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் மனிதக் காதுக்கு மந்தமாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே பேஸ் நிறைவாகக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூடவே ஓடும் பாட்டு பேஸை மூடினால், பேஸை இன்னும் ஏற்றுவார்கள். அடுத்து பாட்டையும் ஏற்றுவார்கள்.

மகளிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் பாட்டை, நீங்கள் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளட்டும். அந்த அளவை மாற்றாமல், அதற்குமேல் பேஸை மெதுவாக ஏற்றட்டும். பேஸ் பத்தவில்லை என்று தோன்றினால் பாட்டைக் குறைக்க வேண்டும். பேஸைக் கூட்டக் கூடாது. ஆம்ப்பைச் செருகி ஆன் செய்த பிறகே ஹெட்போனைத் தலையில் மாட்ட வேண்டும். செருகும்போது எழும் 'டப்' என்ற சத்தம் காதுக்குள் அடி போல விழும். முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நடக்கட்டும். நம் ஊர் வெயிலில் காதை மூடிய உறைக்குள் வியர்வை கோத்துக்கொள்ளும் என்பதால் அதுவும் நல்லதே.

கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் தங்கினாலோ, காது அடைத்தது போல இருந்தாலோ, அன்றைக்குப் பழக்கம் அத்தோடு போதும். மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை பேஸ் வாசிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அந்தக் காது அவளுக்கு இன்னும் எத்தனையோ ஆண்டுகளுக்கு வேண்டும்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து 250 ஓம் ஹெட்போன் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன ஆம்ப்பில் போட்டால் சத்தமே பத்தவில்லை. பழுதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுது இல்லை. 250 ஓம் ஹெட்போனுக்கு வேண்டிய மின்னழுத்தத்தை இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரியால் தர இயலாது. ஹெட்போனைப் பாட்டுக் கேட்கப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பழகுவதற்கு 32 அல்லது 47 ஓமில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாஸ் பேஸ் வகைக் கிதாரில் ஹெட்போன் ஆம்ப் போட்டால் 'ர்ர்ர்' என்று ஓயாத இரைச்சல். பெரிய ஆம்ப்பில் இவ்வளவு இல்லை. ஆம்ப்பை மாற்ற வேண்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்கள் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குபவை ஒற்றைச் சுருள் பிக்அப்கள். சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அவை சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆம்ப் பெட்டியில் அது தணிந்து கேட்டிருக்கும். ஹெட்போன் அதைக் காதுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. ஜாஸ் வகையில் இரண்டு பிக்அப் வால்யூமையும் முழுதாகத் திறந்தால், ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்படி அமைத்திருப்பார்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்து மின்விசிறி ரெகுலேட்டர். படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் மின்னணு ரெகுலேட்டர் நிறைய இரைச்சலைக் கிளப்பும். விசிறியை முழு வேகத்திலோ அல்லது நிறுத்தியோ வைத்துக் கேளுங்கள். லேப்டாப் சார்ஜர், மங்கலாக்கும் எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி உட்காருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாகக் குறையும். சார்ஜ் செய்யும் வகை ஆம்ப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள்.

தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைகிறதா? நல்லது, கிதாரின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. தொட்டால் கூடுகிறதென்றால் உள்ளே வயரிங்கில் கோளாறு. கிதார் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் பதிவு செய்ய, கிதாரை அதோடு இணைக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ பெட்டி வைத்திருக்கிறேன். அதிலேயே ஹெட்போன் துளை உள்ளது. தனியாக ஹெட்போன் ஆம்ப் வேண்டுமா? நேராகச் செருகினால் ஒலி வறண்டிருக்கிறது.
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். முன்புறத்தில் 'இன்ஸ்ட்' என்ற பொத்தானையும் 'டைரக்ட் மானிட்டர்' வசதியையும் ஆன் செய்யுங்கள். பின்னதால் ஒலி லேப்டாப்புக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும், தாமதம் இருக்காது.

வறண்டிருக்கிறது என்கிறீர்கள். பேஸ் ஆம்ப்பின் பெரிய ஸ்பீக்கர்கள் கூர்மையான மேல் ஒலிகளை வெகுவாக மட்டுப்படுத்திவிடும். நேராகச் செருகும்போது அந்த மட்டுப்படுத்தல் இல்லை. ஃப்ரெட்டில் தந்தி படும் சத்தம், விரல் உரசும் சத்தம் எல்லாம் கேட்கும். ஹெட்போன் ஆம்ப்களில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதியைச் சேர்ப்பது இதற்காகத்தான். உங்கள் கிதாரின் டோன் திருகைப் பாதிக்குக் குறைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

அந்த வறட்சியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1960-களில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹிட்ஸ்வில் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸிங் மேசைக்கே அனுப்பி வாசித்துவந்தார். தந்திகள் தட்டையான சுற்று உடையவை என்பதால் அவருடைய ஒலி மென்மையாக இருந்தது. உலகெங்கும் பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் கேட்டுப் பாடம் படிக்கும் ஒலி அது. உங்கள் கையில் இருக்கும் கருவிகளும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஹெட்போனில்தான் பழகுகிறேன். தனியாக வாசிக்கும்போது அருமையாக இருக்கிறது. மெல்லிசைக் குழுவில் சேர்ந்து வாசித்தால் என் பேஸ் கலங்கலாகக் கேட்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், ஈரோடு

பதில்: என்ன ஆம்ப் என்று எழுதவில்லை. மாடலிங் வகையாக இருந்தால், முதலில் அதில் உள்ள கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் பலமான சுரத்தைத் தாழ்த்தி, பலவீனமானதைத் தூக்கி, எல்லாவற்றையும் சமமாக்கும். பதிவுக்கு அது தேவை. பழகும்போது அது இருந்தால், நடுவிரல் ஆள்காட்டி விரலைவிட மெலிதாக மீட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்து, தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் ஏற்றி நடு ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தனியாகக் கேட்க அது இனிமையாக இருக்கும். குழுவில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் உங்கள் சுரத்தை அடையாளம் காட்டுவது அந்த நடு ஒலிதான்.

ஆனால் கலங்கலுக்கு முக்கியமான காரணம் தொடாத தந்திகளாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றிரவே சோதித்துப் பாருங்கள். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி சுரத்தைப் பலமாக மீட்டுங்கள். மற்ற தந்திகள் எதையும் தொடாதீர்கள். இரண்டு அடி நேரம் ஓடவிட்டு, இடது கை விரலைத் தளர்த்தி அந்தச் சுரத்தை நிறுத்துங்கள். ஹெட்போனில் கூர்ந்து கேளுங்கள். அமைதி வராது. 49 ஹெர்ட்ஸில் நீங்கள் மீட்டிய ஜி நின்றுவிட்டாலும், 98 ஹெர்ட்ஸில் உள்ள ஜி தந்தி தானாகவே அதிர்ந்து முனகிக்கொண்டிருக்கும். அதன்மேல் சுண்டு விரலை வையுங்கள். அப்போதுதான் ஒலி முழுதாக நிற்கும். டி தந்தியும் மெலிதாகச் சேர்ந்து ஒலித்திருப்பதையும் அப்போது உணர்வீர்கள். மேடையில் 300 வாட்டில் இந்த முனகல்கள் எல்லாம் அடுத்த சுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அதைத்தான் கலங்கல் என்று சொல்கிறார்கள்.

தாள அடி தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஓர் அடி சுரம், ஓர் அடி அமைதி என்று வாசியுங்கள். சுரம் அடுத்த அடி விழும் கணத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அமைதி உண்மையிலேயே அமைதியாக இருக்க வேண்டும். வாசிக்கும் தந்தியைவிட மேல் சுரத் தந்திகளை இடது கையின் வேலையில்லாத விரல்கள் படுத்தபடி மூடட்டும். தாழ்ந்த சுரத் தந்திகளை வலது கைக் கட்டைவிரல் மூடட்டும். டி தந்திக்குப் போகும்போது கட்டைவிரல் ஏ தந்தியில் சாய்ந்து ஈ தந்தியையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஹெட்போனைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நீங்கள் இரண்டு ஆண்டுகளாக அதை வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் இருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுத் தனிச் சுரமாக வாசித்தால்தான் இது காதில் விழும்.

வாரம் ஒருமுறையாவது உண்மையான ஆம்ப்பில் வாசியுங்கள். ஹெட்போனில் லேசாகத் தொட்டாலே நிறைவாகக் கேட்பதால் விரல் மெலிந்துவிடுகிறது. மேடையில் அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவீர்கள். மறுபடியும் முனகல்தான் கூடும்.

கேள்வி: ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸ் வைத்திருக்கிறேன். ஹெட்போன் ஆம்ப்பை அப்படியே செருகி வைத்துவிடுகிறேன். பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறது. ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: ஆக்டிவ் பேஸில் ஜாக்கில் பிளக் இருக்கும் வரை உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி வேலை செய்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு பேட்டரியும் பல மடங்கு நாள் வரும்.

ஆம்ப்பில் ரீசார்ஜ் பேட்டரி போடலாம். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட் என்பதால், பலமாக மீட்டும்போது சற்று முன்னதாகவே ஒலி பிசிறும். ஐந்தாவது தந்தியான பி 31 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால் உங்களுக்கு அது இன்னும் சீக்கிரம் தெரியும். கிதாரின் பேஸ் திருகை நடுவிலேயே வைத்துக்கொண்டு, ஆம்ப்பின் கெயினைக் கொஞ்சம் இறக்கினால் சமாளித்துவிடலாம்.